தூபம் என்றால் தூபம்தானா?

"பைபிள்ல தூபம் காட்டச் சொல்லி அத்தனை இடத்துல எழுதியிருக்கே தம்பி, எங்க சபையில மட்டும் ஏன் காட்டறதில்ல?"

பண்ணைக்காட்டில் பக்கத்துத் தோட்டக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், கேட்டது இது. புராட்டஸ்டண்ட். போதகர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "தூபம்னா ஜெபம்னு அர்த்தமாம்" என்றார். குரலில் அவ்வளவு திருப்தி இல்லை.

போதகரின் பதில் தப்பில்லை. ஜெபத்தைத் தூபத்தோடு ஒப்பிடுவதை பைபிளே செய்கிறது. ஆனால் எதை நேராக வாசிப்பது, எதை உருவகமாக வாசிப்பது என்று யார் முடிவு செய்வது? எங்கள் மலையையே எடுத்துக்கொள்வோம். மதுரையின் அமெரிக்க மிஷன்காரர்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். பண்ணைக்காடு பிரிவிலிருந்து மேலே ஏறினால் வரும் செண்பகனூரில் 1895இல் இயேசு சபையினர் கல்லூரி தொடங்கினார்கள். கையில் இருந்தது ஏறக்குறைய ஒரே பைபிள். அப்பத்தைக் காட்டி 'இது என் உடல்' என்று இயேசு சொன்னதைச் செண்பகனூர் நேராகவே எடுத்துக்கொண்டது. அமெரிக்கர்களுக்கு அது அடையாளம். பூமியில் யாரையும் தந்தை என்று அழைக்காதீர்கள் என்ற வாக்கியத்தில் இரு தரப்பும் அப்படியே இடம் மாறிக்கொள்ளும். நேர்ப்பொருளை மட்டுமே பிடித்துக்கொண்டிருப்பவர் என்று ஒருவரை இதுவரை நான் பார்த்ததில்லை.

இதற்கு ஒரு விதி வேண்டும் என்று அகஸ்டீன் 1600 வருஷத்துக்கு முன்பே யோசித்தார். ஒரு வசனத்தை நேராக எடுத்தால் அது நல்லொழுக்கத்தோடும் மெய்யான விசுவாசத்தோடும் பொருந்தவில்லையா, அப்போது அது உருவகம் என்றார். நம் இலக்கண உரைகளிலும் இதற்குப் பக்கத்தில் வரும் ஒன்று உண்டு: 'கங்கையில் இடைச்சேரி'. ஆற்றின் மேல் சேரி இருக்க முடியாது, ஆகவே கரையில் என்று கொள்க. நேர்ப்பொருள் முட்டி நின்றால்தான் அடுத்த பொருளுக்குப் போகலாம். முட்டாத இடத்தில் தாவக்கூடாது. அகஸ்டீனின் விதியைவிட இது கறார் என்பது என் எண்ணம். 'எது மெய்யான விசுவாசம்' என்ற கேள்வியை முன்கூட்டியே தீர்த்துவைத்துக்கொள்ளாமல் வேலை செய்கிறது.

இந்த வித்தியாசம் 19ஆம் நூற்றாண்டில் நிஜமான சண்டையாக வெடித்தது. மதுரை மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து கிளைத்தது. அதே யாழ்ப்பாணத்தில், வேறொரு மிஷனில், வெஸ்லியன் பாதிரியார் பீட்டர் பெர்சிவலுக்கு பைபிளைத் தமிழாக்க உதவியவர் ஆறுமுக நாவலர். வசனம் வசனமாக உட்கார்ந்து வேலை பார்த்தவர். பின்னாளில் நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியவர், கங்கைக்கரை இடைச்சேரி அவருக்குத் தெரியாததல்ல. 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். விளக்கு, தூபம், அபிஷேகம், பலிபீடம், சுத்தி விதிகள் என்று நீங்கள் எங்களிடம் பழிக்கும் எல்லாமே உங்கள் வேதத்தில் இருக்கிறதே என்று இடம் சுட்டிக் காட்டினார். மிஷனரிகளிடம் பதில் தயாராக இருந்தது: அவையெல்லாம் வரப்போகும் கிறிஸ்துவின் நிழல், அவர் வந்ததும் முடிந்துவிட்டன. எங்கள் வேலையில் இதற்கு 'டெப்ரிகேட்டட்' என்று பெயர். பழைய நிரல் ஃபைலில் கிடக்கும், யாரும் கூப்பிடக்கூடாது.

மிஷனரிகள் இதைத் தங்கள் வசதிக்காக இட்டுக்கட்டவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். நிழல் என்ற சொல் எபிரெயர் நிருபத்திலேயே வருகிறது. சாராள், ஆகார் கதையை உருவகமாக வாசித்தவர் பவுல். ஆனால் சைவர்களின் சடங்கை எடைபோடும்போது அவர்கள் உருவகத்தை மறந்துவிட்டார்கள். எருசலேமின் தூபத்துக்கு உள்ளர்த்தம் உண்டு, நல்லூரின் தூபம் வெறும் புகை. நாவலரின் கோபம் நியாயமாகப்படுவது எனக்கு இந்த இடத்தில்தான்.

நாவலர் வெளியே நின்று கேட்டார். உள்ளே இருந்து கேட்டவர் சட்டாம்பிள்ளை. அருமைநாயகம் என்று பெயர், திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் மிஷனில் வேலை பார்த்து, அங்கிருந்த மிஷனரியோடு மோதி வெளியேறியவர். 1849இல் கால்டுவெல் சாணார்களைப் பற்றி எழுதிய இகழ்ச்சியான நூல் அந்தச் சமூகத்தைக் கொதிக்க வைத்திருந்தது. சட்டாம்பிள்ளை 1857இல் பிரகாசபுரத்தில் தனிச் சபை தொடங்கினார். இந்து கிறிஸ்தவ சபை என்றும் ஏக இரட்சகர் சபை என்றும் அதைச் சொல்வார்கள். வெள்ளைக்காரப் பாதிரி கிடையாது, மிஷன் பணம் கிடையாது. ஓய்வுநாள் என்று எழுதியிருக்கிறதா, அப்போது சனிக்கிழமை. தூபம் என்றால் தூபம். விழுந்து வணங்கினார்கள் என்றால் விழுந்து வணங்குவது. ஐரோப்பியர்கள் உருவகம் என்று மூடிவைத்த பக்கங்களைத் திறந்தால், உள்ளே இருப்பவர்கள் திருநெல்வேலிக்காரர்கள் மாதிரியே நடந்துகொள்கிறார்கள்! கிறிஸ்தவனாவதற்கு இங்கிலாந்து வழியாகப் போக வேண்டியதில்லை என்று சொல்ல அவருக்கு நேர்ப்பொருளே போதுமானதாக இருந்தது.

இந்தக் கதையை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. லேவியராகமத்தைத் திறந்தால் தூபம் மட்டும் வராது. மாதவிலக்கான பெண் தீட்டு என்ற விதியும் கூடவே வரும். அந்தச் சபை அதையும் ஏற்றுக்கொண்டது. நேர்ப்பொருளில் ஆண்களுக்கு மானம் கிடைத்தது, பெண்களுக்கு ஒதுங்கி உட்கார வேண்டியதாயிற்று. நிழல் என்று தள்ளிய மிஷனரி வாசிப்பு குறைந்தபட்சம் இந்த ஒரு விதியிலிருந்தாவது அவர்களை விட்டிருக்கும். எது விடுதலை தரும் வாசிப்பு என்று அத்தனை சுலபமாகச் சொல்லிவிட முடிவதில்லை.

மொழிபெயர்ப்பும் ஒரு கை கொடுத்தது என்று நினைக்கிறேன். இன்றும் பரவலாக வாசிக்கப்படுவது 1871இல் ஹென்றி பவர் குழு முடித்த பைபிள். அதில் ஆலயம், பலிபீடம், அபிஷேகம், தூபம் எல்லாம் உண்டு. லண்டனில் 'ஆல்டர்' என்று வாசித்தவர் ஒரு பழைய தேசத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. இங்கே பலிபீடம் என்று வாசித்தவருக்கு அடுத்த தெருவில், கொடிமரத்துக்குப் பக்கத்தில், அது நின்றுகொண்டிருந்தது.