முத்தைப் படைத்த புழு எது?

மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியின் கரிசல் மண்ணுக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆனாலும் இந்தச் சமவெளியை மதுரையிலிருந்து ஆண்ட பாண்டியர்களின் கருவூலம் கொற்கை முத்தால் நிறைந்தது. அங்கே தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்ததாகக் கிரேக்க மாலுமிக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்கிறது. அந்த முத்து எப்படி உண்டாகிறது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவியல் இதற்கு ஒரு விடை சொன்னது: மீன் குடலில் வாழும் நாடாப்புழுவின் குஞ்சு சிப்பிக்குள் புகுந்து மடிகிறது, அதைச் சுற்றி முத்து வளர்கிறது. அந்த விடை பொய்த்துப்போனது. பிழை நுண்ணோக்கியில் இல்லை. முழு வளர்ச்சி அடையாத உடலுக்கு வளர்ந்த புழுவின் பெயரைச் சூட்டியதில் இருந்தது என்பது என் வாதம்.

புழுவின் மேல் சந்தேகம் அதற்கும் முந்தியது. இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1850களின் இறுதியிலேயே மன்னார் முத்துப் பார்களின் (சிப்பித் திட்டுகளின்) சிப்பிகளில் புழுக்களைக் கண்டு, முத்துக்கு அவையே காரணமாகலாம் என்றார். பிறகு 1892 முதல் பத்தாண்டுக்கு மேல் இலங்கைப் பக்கம் சலாபமே (முத்துக்குளிப்பே) நடக்காமல் போனது. காரணம் அறிய 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன் வரவழைக்கப்பட்டார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னல் வந்தார். 1903 முதல் 1906 வரை ராயல் சொசைட்டி ஐந்து பகுதிகளாக வெளியிட்ட அவர்களது ஆய்வறிக்கையில், சிப்பியிலிருந்த உருண்டைக் குஞ்சுகளுக்கு விலங்கியலாளர் ஷிப்லியும் ஹார்னலும் ‘டெட்ராரிங்கஸ் யூனியோனிஃபாக்டர்’ என்று பெயரிட்டார்கள். சிப்பியைத் தின்னும் கிளாத்தி, திருக்கை போன்ற மீன்களின் வழியே புழுவின் வாழ்க்கைச் சுற்று நிறைவேறுகிறது என்பது கருத்து. அதாவது சிப்பியை அழிக்கும் மீனே முத்தையும் தருகிறது! அழகான கதைதான். நம்பியதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

டெட்ராரிங்கஸ் வகைக்கு அடையாளம் தலையிலுள்ள நான்கு கொக்கி உணர்கொம்புகள். சிப்பியிலிருந்த உருண்டைக் குஞ்சுகளிலோ கொக்கியே இல்லை. இனி முளைக்கும் என்று கருதிவிட்டார்கள். 1912இல் விலங்கியலாளர் லிஸ்டர் ஜேம்சன் இதை மறுத்தார். இவர் புழுக் கொள்கையின் எதிரி அல்லர். பத்தாண்டு முன்பு இங்கிலாந்தின் கடல் மட்டிகளில் வேறொரு தட்டைப்புழுவே முத்துக்குக் காரணம் என்று வாதிட்டவர். இலங்கை முத்துகளின் உள்ளமைப்பை ஆராய்ந்து, புழுவே கருவாக இருந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றார். உருண்டைக் குஞ்சுகள் டைலோசெஃபாலம் என்ற வேறு பேரினத்தவை என்றும் காட்டினார். பின்னாளில் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கியபோது, வேண்டியிருந்தது ஓட்டு மணியும் இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துண்டும்தான். புழு தேவைப்படவில்லை.

உடலமைப்பைப் பார்த்துப் பெயரிடும் முறையே காலாவதி, இனி டி.என்.ஏ. போதும் என்று இந்தப் பெயர்ப் பிழையிலிருந்து முடிவு கட்டுவோர் உண்டு. ஜேம்சனும் உடலமைப்பைப் பார்த்தே பிழையைப் பிடித்தார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நாடாப்புழுவைச் சிற்றின அளவில் பிரிக்க இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பு வேண்டும். குஞ்சில் அவை இல்லை. டி.என்.ஏ. உதவுவது இந்த இடைவெளியில்தான். குஞ்சின் ரைபோசோம் மரபணுத் துண்டு ஒன்றைப் படித்து, வளர்ந்த புழுவின் அதே துண்டோடு ஒப்பிட்டால் உறவு தெரிந்துவிடும். ஆனால் ஒப்பிட வேண்டிய அந்த வளர்ந்த புழுவை, யாரோ ஒருவர் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, உறுப்பு உறுப்பாகப் பார்த்துப் பெயரிட்டிருக்க வேண்டும். இல்லையேல் மரபணு வரிசை பெயரில்லாத வரிசையாகவே நிற்கும்.

பழைய மாதிரிகளிலேயே டி.என்.ஏ. எடுத்துவிடலாமே என்றால், அது எளிதல்ல. ஃபார்மலினில் கிடந்த திசுவில் டி.என்.ஏ. சிதைந்துபோகும், சாயமேற்றிய தகடுகளிலும் பெரும்பாலும் அதே கதிதான். இன்னொரு சிக்கல், புழுவை விடுங்கள், மீனின் பெயரே நிலையாக இல்லை. ஷிப்லியும் ஹார்னலும் ‘டிரைகான் உவார்னாக்’ என்ற ஒரே பெயரில் எழுதிய திருக்கையை, இன்று மரபணு ஆய்வு ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்களாகப் பிரித்திருக்கிறது. அவர்கள் எந்தத் திருக்கையின் குடலை அறுத்தார்கள் என்பதே இப்போது கேள்வி. மன்னார் வளைகுடாவில் திருக்கையைப் புதிதாகப் பிடித்து, மீனின் திசுவையும் புழுவின் ஒரு பகுதியையும் ஆல்கஹாலில் போட்டு, புழுவின் மறுபாதியைத் தகட்டில் ஏற்றி வைத்தால்தான் அதற்கு விடை தேடத் தொடங்க முடியும்.