ஈயின் கண்ணுக்குள் ஒரு கணக்கு



எங்கள் கலையகத்தில் இருப்பது ஒலிவாங்கி. கண்ணுக்குள் இருப்பது ஒளிவாங்கி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். கலையகத்தில் சத்தம் கூடினால் குறைத்துவிட நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம். கண்ணுக்குள் வெளிச்சம் கூடினால் யார் குறைப்பது? இதற்கு விடை தந்தது, பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் சின்னப் பழ ஈ.

1969 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கோசன்ஸ், ஓப்ரி மானிங் என்ற இருவர் ஒரு விசித்திரமான பழ ஈயைப் பற்றி எழுதினார்கள். மங்கல் வெளிச்சத்தில் அதற்குக் கண் தெரியும். பிரகாசமான வெளிச்சம் தொடர்ந்து பட்டாலோ, கண்ணில் எழும் மின்சைகை சில விநாடிகளில் அடங்கிவிடும். ஈ குருடானதுபோல நடந்துகொள்ளும். மின்சைகை நிலைக்காத இந்தத் தன்மையை வைத்தே 1975 இல் பாருக் மிங்கேயும் சகாக்களும் அதற்கு 'டிரிப்' என்று பெயரிட்டார்கள். 1989 இல் கலிபோர்னியாவில் கிரெய்க் மொன்டெல், ஜெரால்ட் ரூபின் ஆகியோர் அதற்குக் காரணமான பரம்பரை அலகை இனங்கண்டார்கள். ஒளிவாங்கிக் கலத்துக்குள் கல்சியம் நுழையும் வாசலை ஆக்குவது அந்த அலகுதான் என்பது பின்னர் தெளிவானது.

நான் ஒரு கணக்காளன். எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். ஒளி பட்டதும் ஒரு நொதியம், கலத்தின் சவ்விலுள்ள ஒருவகைக் கொழுப்பைச் செலவழிக்கத் தொடங்கும். அதனால் வாசல் திறந்து கல்சியம் உள்ளே வரும். வந்த கல்சியம் அதே நொதியத்தைப் பிடித்து அடக்கும். பழுதான ஈயில் இந்தப் பெரிய வாசல் இல்லை. பக்கத்திலுள்ள சின்ன வாசலால் வரும் கல்சியம் போதாது. அடக்க ஆளில்லாமல் கையிருப்பு முழுவதும் செலவாகிவிட, கண் இருண்டுபோகும். மங்கல் வெளிச்சத்தில் செலவு குறைவு, அதனால் ஈ தப்பிவிடுகிறது. 2001 இல் கேம்பிரிட்ஜில் ரொஜர் ஹார்டியின் குழு இதைக் காட்டியது. ஆக, அந்த ஈயைக் குருடாக்கியது வெளிச்சக் குறைவு அல்ல, கட்டுப்பாடில்லாத செலவு.

கதை ஈயோடு முடியவில்லை. மிளகாய் ஏன் உறைக்கிறது என்று தேடிய டேவிட் ஜூலியஸின் குழு, 1997 இல் சான் பிரான்சிஸ்கோவில் அந்த உறைப்பை உணரும் வாசலை நரம்புக் கலங்களில் கண்டுபிடித்தது. சுடுதண்ணீர் பட்டால் சூட்டை உணர்வதும் அதே வாசல்தான். அதன் அமைப்பைப் பார்த்தால், ஈயின் 'டிரிப்' குடும்பத்தைச் சேர்ந்தது! 2021 இல் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எடின்பரோ ஈயிலிருந்து அங்கே போய்ச் சேர 52 வருடங்கள்.

கையில் ஒன்றுமில்லாமல் வந்து வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் நாங்கள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது, "அதாலே என்ன வேலை கிடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் கேள்வியில் பிழையில்லை. ஆனால் நாளை உங்கள் மகள் வந்து, "நான் ஈயின் கண்ணை ஆராயப் போகிறேன்" என்று சொன்னால், மறுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். 1969 இல் அந்த ஈயின் பெயரில் வரவு என்று எழுத ஒன்றுமே இருக்கவில்லை.