ஆறு மணிக்குள் ஒரு வைஸ்: ஒரு மெக்கானிக்கை வேலைக்கு எடுத்த வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

தொழிற்புரட்சிப் பாடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜேம்ஸ் வாட், நீராவி எந்திரம், நூற்பு எந்திரம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கினீர்கள். ஆனால் அந்த எந்திரங்களின் பாகங்களை அறுத்து, அரம் போட்டுத் தேய்த்து, ஒன்றோடு ஒன்று பொருத்திய கைகள் யாருடையவை? அந்த ஆட்களை எப்படித் தேடிப் பிடித்தார்கள்? என்ன கேட்டு வேலைக்கு எடுத்தார்கள்? அதற்குப் பாடப்புத்தகத்தில் இடம் கிடையாது.

நம் பிள்ளைகளில் பலர் இன்று லேத் பட்டறையும் வண்டி ஒர்க்‌ஷாப்பும் நடத்துகிறார்கள். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் "நல்ல ஆள் கிடைக்கலை சார்" என்று வந்துவிடும். இன்னொரு பக்கம், கையில் தொழில் இருந்தும் சர்டிபிகேட் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். இரண்டு தரப்பும் படிக்க வேண்டிய வரலாறு இது.

1789ஆம் ஆண்டு, லண்டன் நகரம். ஜோசப் பிராமா என்று ஒருவர். யார்க்‌ஷயர் பக்கத்து விவசாயியின் மகன். சிறு வயதில் காலில் அடிபட்டு வயல் வேலைக்கு முடியாமல் போனதால் தச்சுத் தொழிலுக்கு வந்தவர். 1784இல் இவர் ஒரு புதுவிதமான பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் சாவி சிறு குழாய் போல இருக்கும். குழாயின் முனையில் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆழத்தில் சில வெட்டுகள். சாவியை உள்ளே அழுத்தும்போது பூட்டுக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் அந்தந்த ஆழத்துக்கு நகரும். எல்லாத் தகடுகளும் சரியான இடத்தில் வந்து நின்றால்தான் பூட்டு திரும்பும். ஒன்று மயிரிழை தவறினாலும் திரும்பாது.

யோசனை அருமை. செய்வதற்குத்தான் ஆள் இல்லை. அந்தக் காலத்துப் பூட்டுத் தொழிலாளி எல்லாவற்றையும் அரத்தாலேயே தேய்த்துச் செய்வார். பிராமாவின் பூட்டுக்கு அந்தத் துல்லியம் போதாது. அப்படியே மெனக்கெட்டுச் செய்தாலும் ஒரு பூட்டுக்கு ஆகும் கூலி வாங்குபவரை ஓடவைத்துவிடும். காகிதத்தில் இருந்ததைக் கையில் கொண்டுவரும் ஒரு மெக்கானிக் பிராமாவுக்குத் தேவைப்பட்டார். அவர் பட்டறையிலிருந்த தொழிலாளி ஒருவர் சொன்ன பெயர்தான் ஹென்றி மாட்ஸ்லே. ஊர், லண்டனை ஒட்டிய ஊல்விச். அங்கே அரசாங்கத்தின் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது.

மாட்ஸ்லே 1771இல் பிறந்தவர். அப்பாவைச் சிறு வயதிலேயே இழந்தார். 12 வயதில் அதே ஆயுதச்சாலையில் வெடிமருந்துத் தோட்டாக்களை நிரப்பும் வேலைக்குப் போனார். பிறகு தச்சுப் பிரிவு. மனசெல்லாம் பக்கத்திலிருந்த கொல்லுப்பட்டறையில் இருந்ததால் 15 வயதுவாக்கில் அங்கே மாற்றினார்கள். மூன்றே வருடத்தில், அங்கே நல்ல கைக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டார்.

பிராமா ஆள் அனுப்பி வரவழைத்தார். வந்து நின்ற பையனுக்கு வயது 18. பிராமா தயங்கினார். வயது மட்டும் காரணமில்லை. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு தொழிலில் இறங்க ஏழு ஆண்டு அப்ரண்டிஸாக இருந்து முடித்திருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் முடிவில் அந்தச் சட்டம் தளர்ந்திருந்தாலும் பட்டறைகளில் வழக்கம் அப்படியே இருந்தது. ஏழு ஆண்டு முடிக்காத பையனை எடுத்தால் மூத்த தொழிலாளிகள் கொடி பிடிப்பார்கள். மாட்ஸ்லேயிடம் அந்த ஏழு ஆண்டுக் கணக்கு இல்லை. இன்றைய மொழியில் சொன்னால், சர்டிபிகேட் இல்லை.

அடுத்து நடந்ததைச் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற எழுத்தாளர் பதிவு செய்திருக்கிறார். பட்டறையில் மாட்ஸ்லேயின் கண்ணில் ஒரு பழைய வைஸ் பட்டது. தாடைகள் தேய்ந்து, எதையும் கவ்விப் பிடிக்க லாயக்கில்லாமல் கிடந்தது. இன்று மாலை ஆறு மணிக்குள் இதற்குப் புது எஃகுத் தாடை வைத்துச் சரிசெய்து கொடுத்தால் என்னை எடுத்துக்கொள்வீர்களா என்று பையன் கேட்டான். பிராமா ஒத்துக்கொண்டார். மாட்ஸ்லே கோட்டைக் கழற்றினார். எஃகுத் துண்டுகளைத் தட்டிப் பொருத்தினார், அரத்தால் பல் வெட்டினார், பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்கினார், திரும்பப் பூட்டி, துடைத்துப் பளபளப்பாக்கி வைத்தார். ஆறு மணி அடிக்கும் முன்பே வேலை முடிந்திருந்தது. மூத்த தொழிலாளிகள் வந்து பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. வேலை கிடைத்தது.

பிள்ளைகளே, இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். ஒரு தேய்ந்த வைஸில் எத்தனை பரீட்சை அடங்கியிருக்கிறது! தாடை ஏன் பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். சரியான எஃகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொல்லுப்பட்டறை வேலையும் தெரிய வேண்டும், அரம் பிடிக்கவும் தெரிய வேண்டும். எவ்வளவு சூட்டில் தோய்ப்பது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சூடு கூடினால் எஃகு நொறுங்கும், குறைந்தால் மழுங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, நேரத்தைக் கணக்குப் போடத் தெரிய வேண்டும். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்து, ஒரு சதுரத் துண்டை மட்டம் பார்த்து மட்டம் பார்த்துத் தேய்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வளைகுடா வேலைக்காகச் சென்னையில் டிரேடு டெஸ்ட் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கும் புரியும். முக்கியமானது, அந்த வைஸ் செயற்கையான கேள்வித்தாள் இல்லை. பட்டறைக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட வேலை. முடிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்களும் அதே வைஸில் நாளும் வேலை செய்கிறவர்கள்.

ஒரே வருடத்தில் மாட்ஸ்லே போர்மேன் ஆகிவிட்டார். பூட்டின் பாகங்களைச் செய்வதற்கென்றே இயந்திரங்களை உருவாக்கினார். சுருள்வில் சுற்ற ஒன்று, காடி அறுக்க ஒன்று என்று ஒவ்வொன்றாக வந்தன. 1790இல் பிராமா தன் கடை முகப்பில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டார். உள்ளே 18 தகடுகள். இதைக் கருவி வைத்துத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பலகையும் வைத்தார். அந்தப் பூட்டைச் செய்தது மாட்ஸ்லேயின் கை என்பார்கள். பிராமா 1814இல் காலமானார். பூட்டு அப்போதும் திறக்கவில்லை. 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்கு வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், 16 நாட்களில் 50 மணி நேரத்துக்கும் மேல் போராடித் திறந்தார். 61 ஆண்டு தாங்கிய பூட்டு அது. இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி வருவதுதான் முதலாளிகளாக இருக்கும் என் மாணவர்கள் படிக்க வேண்டிய பகுதி.

மாட்ஸ்லேக்குத் திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்தார்கள். வாரச் சம்பளம் 30 ஷில்லிங். எட்டு ஆண்டு உழைத்த பிறகு, 1797இல், கொஞ்சம் கூட்டித் தரும்படி கேட்டார். பிராமா முகத்தில் அடித்தாற்போல மறுத்துவிட்டார்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கினி என்பது 21 ஷில்லிங். 200 கினி என்றால் 4,200 ஷில்லிங். மாட்ஸ்லேயின் 30 ஷில்லிங்கால் வகுத்தால் 140 வாரச் சம்பளம். ஏறக்குறைய 2 ஆண்டு 8 மாதம்! இவர் கைவேலையை ஊரில் ஒருவராலும் வெல்ல முடியாது என்று நம்பி 140 வாரச் சம்பளத்தைப் பந்தயமாக முகப்பில் தொங்கவிட்ட மனிதருக்கு, அதே கைக்கு வாரம் சில ஷில்லிங் கூட்டிக் கொடுக்க மனம் வரவில்லை.

மாட்ஸ்லே வெளியேறினார். ஆக்ஸ்போர்டு தெருவை ஒட்டிய வெல்ஸ் தெருவில் சின்னதாகச் சொந்தப் பட்டறை போட்டார். அதன் பிறகு அவர் செய்ததுதான் உலக வரலாறு. அதுவரை லேத்தில் வெட்டுளியைக் கையால் பிடித்து, சுழலும் இரும்பின் மேல் அழுத்துவார்கள். கை நடுங்கினால் வேலை கெடும். உளியை ஒரு நகரும் தாங்கியில் பூட்டிவிடும் முறை முன்பே சிலர் முயன்றதுதான். ஆனால் அதை முழுக்க இரும்பில், உறுதியாக, திருகு வெட்டும் லேத்தோடு இணைத்து அன்றாட உபயோகத்துக்குக் கொண்டுவந்தவர் மாட்ஸ்லே. இன்று உங்கள் பட்டறை லேத்தில் லீட் ஸ்க்ரூ சுற்றச் சுற்ற டூல் போஸ்ட் தானாக நகர்கிறதே, அதன் பாட்டன் அதுதான்.

அடுத்து, மார்க் பிரூனெல் வடிவமைத்த கப்பி செய்யும் இயந்திரங்கள். பாய்மரப் போர்க்கப்பலில் கயிறு ஓடுவதற்குச் சுமார் ஆயிரம் கப்பிகள் வேண்டும். போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்துக்காக மாட்ஸ்லே செய்து கொடுத்த 45 இயந்திரங்கள், 1808இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகளைச் செய்தன. முன்பு 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். மீதி நூறு பேரின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்ற கேள்வியையும் வரலாறு படிக்கிறவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் பிராமாவின் பெயரில் நடந்திருக்கலாம். சில ஷில்லிங்கில் போயிற்று.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே காலத்தில் உண்டு. 1777இல் வில்லியம் முர்டாக் என்ற 23 வயது ஸ்காட்லாந்து இளைஞர் வேலை தேடி பர்மிங்காமுக்கு வந்தார். 300 மைலும் நடந்தே வந்தார் என்பார்கள். ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளியான மேத்யூ போல்டன், வேலை காலி இல்லை என்று சொல்லிவிட்டார். பதற்றத்தில் பையன் கையில் உருட்டிக்கொண்டிருந்த தொப்பி அவர் கண்ணில் பட்டது. எதனால் செய்தது என்று கேட்டார். மரத்தால், தானே செய்த லேத்தில் கடைந்தது என்றார் முர்டாக். தலைக்குப் பொருந்தும் நீள்வட்டத்தைக் கடைய வேண்டுமென்றால் அந்த லேத்தும் சாதாரண லேத்தாக இருக்க முடியாது. போல்டனுக்கு அது போதும், எடுத்துக்கொண்டார். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் முர்டாக் அந்த நிறுவனத்தில் ஐம்பது ஆண்டுக்கு மேல் இருந்தார், பிற்பாடு பங்குதாரரும் ஆனார். நிலக்கரி வாயுவில் விளக்கெரித்துக் காட்டியவர் அவர்தான். குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் செய்த நீராவி வண்டி மாதிரியை மேற்கொண்டு வளர்க்க முதலாளிகள் ஊக்கம் கொடுக்கவில்லை. ஆனாலும் அவரைக் கைவிடவில்லை. போல்டன், வாட், முர்டாக் மூவரும் ஒரே தேவாலயத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள்.

இனி மாட்ஸ்லே முதலாளி நாற்காலியில் உட்கார்ந்த கதை. 1829இல் ஜேம்ஸ் நாஸ்மித் என்ற 20 வயது இளைஞர், ஓவியரான தன் தந்தையோடு எடின்பரோவிலிருந்து அவரைப் பார்க்க வந்தார். பணம் கட்டிச் சேரும் வசதியான வீட்டுப் பிள்ளைகளால் பட்ட தொல்லை போதும், இனி அப்படி யாரையும் சேர்ப்பதில்லை என்று மாட்ஸ்லே சொல்லிவிட்டார். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினார். கொதிகலன் பக்கத்தில் ஒருவர் உலைச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார். அந்தச் சாம்பல் அள்ளும் வேலை கிடைத்தால்கூட எனக்குப் போதும் என்றார் நாஸ்மித். மாட்ஸ்லே திரும்பிப் பார்த்தார். மறுநாள் உன் வரைபடங்களையும், நீ செய்த எந்திர மாதிரியையும் கொண்டுவா என்றார். பார்த்த பிறகு, தன் சொந்த வேலையறையிலேயே உதவியாளராக வைத்துக்கொண்டார். ஆரம்பச் சம்பளம் வாரம் 10 ஷில்லிங். அந்த நாஸ்மித்தான் பின்னாளில் நீராவிச் சம்மட்டியை உருவாக்கினார்.

கவனியுங்கள், மாட்ஸ்லே ஆசையை மட்டும் நம்பவில்லை. சாம்பல் அள்ளவும் தயார் என்ற மனசைப் பார்த்தார். அடுத்த நாள் கையையும் பார்த்தார். மனசு மட்டும் இருந்தால் போதாது, கை மட்டும் இருந்தாலும் போதாது.

மாட்ஸ்லே பட்டறையில் தேறி வெளியே போன இன்னொருவர் ஜோசப் விட்வொர்த். 1841இல் திருகுகளுக்குப் பொது அளவு வகுத்தவர். பழைய ஸ்பேனர்களில் W என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்திருப்பீர்களே, அது அவர் பெயர்தான். 1789இல் ஒரு பையனுக்கு ஒரே ஒரு மாலைப்பொழுது அவகாசம் கொடுத்ததன் பலன், நம் ஊர் மெக்கானிக் ஷெட்டின் டூல் பாக்ஸ் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

சர்டிபிகேட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளைகள் ஐ.டி.ஐ.யையோ டிப்ளமோவையோ ஒழுங்காக முடியுங்கள். வாசல் கதவைத் திறக்க அது வேண்டும். ஆனால் ஆள் எடுக்கும் என் பிள்ளைகளுக்கு மூன்று வேண்டுகோள். காகிதம் இல்லை என்பதற்காக வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். பட்டறையில் பழுதாகிக் கிடக்கும் ஒன்றைக் கொடுத்து அரை நாள் பாருங்கள். அந்த அரை நாளுக்கு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், கூலியைக் கொடுத்துவிடுங்கள். நல்ல கை கிடைத்துவிட்டால், அவர் வந்து கேட்கும் முன்பே வருடத்துக்கு ஒரு முறை நீங்களாகச் சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள். வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதா, வாடகை கூடியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று. நீங்கள் செய்த ஒரு பொருளாவது, பழுது பார்த்த ஒன்றின் போட்டோவாவது எப்போதும் கையில் இருக்கட்டும். முர்டாக்குக்குத் தொப்பி, நாஸ்மித்துக்கு எந்திர மாதிரி.

பட்டறை வைத்திருப்பவர்கள் நீங்கள் முதல் ஆளை எப்படி எடுத்தீர்கள், வேலையில் இருப்பவர்கள் உங்களை எப்படிச் சோதித்தார்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் பழைய பழக்கத்தில் திருத்துவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

எல்லோரும் நலமாக இருங்கள்.