முதுவர்: மதுரையிலிருந்து மலையேறியவர்களின் பெயர்

ஊர்ப்பெயரோடு 'ஆர்', 'காரர்' என்னும் ஈறுகளைச் சேர்த்து அவ்வூர் மக்களைக் குறிப்பது தமிழ் வழக்காக இருக்க, இடுக்கி மாவட்டத்துச் சித்திரபுரத்தைச் சூழ்ந்த மூணாறு, அடிமாலி, மறையூர் மலைகளில் வாழும் முதுவர் என்னும் பழங்குடியினர், தம் முன்னோரை மதுரை நகரத்தாராகவே கருதி வந்தும், பெயரில் அந்நகரைத் தாங்காதவராக உள்ளனர்.

எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலில் இம்மக்களின் மரபுவழிச் செய்தி பதிவாகியுள்ளது. பாண்டியர் ஆட்சி சரிந்து, தெலுங்கு நாயக்கர் போடிநாயக்கனூரைக் கைப்பற்றிய காலத்தில், பிள்ளைகளையும் உடைமைகளையும் முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் எனப்பட்டனர் என்பதும், மீனாட்சியின் திருவுருவத்தையே முதுகில் சுமந்து நேரியமங்கலம் வரை கொண்டு சென்றனர் என்பதும் அம்மரபின் கூறுகள். முதுவப் பெண்கள் குழந்தையைத் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் வழக்கம் இவ்விளக்கத்திற்கு வலுவூட்டியிருக்க வேண்டும். பாலக்காட்டு அட்டப்பாடியில் வாழும் முடுகர் என்னும் வேறொரு பழங்குடியினரின் பெயருக்கும் இதே காரணம் சொல்லப்படுவதுண்டு.

ஆயினும் தமிழ்ப் புணர்ச்சி இவ்விளக்கத்திற்கு எளிதில் இடம் தருவதில்லை. 'முதுகு' என்பது குற்றியலுகரத்தில், அதாவது மாத்திரை குறைந்து ஒலிக்கும் உகரத்தில் முடியும் சொல்லாதலின், உயிர் வந்து சேரும்போது அவ்வுகரம் கெட்டு 'முதுகர்' என்றே ஆகவேண்டும். 'முது' என்னும் ஈரெழுத்துச் சொல்லோ முற்றியலுகரத்தில் முடிவதால், 'அர்' விகுதி சேருமிடத்து இடையே வகர உடம்படுமெய், அதாவது இரண்டு உயிர்களை இணைக்கும் மெய், தோன்றி 'முதுவர்' என இயல்பாக அமைகிறது. எனவே 'பழமையோர், மூத்தோர்' என்பதே இச்சொல்லின் நேர்பொருள் எனக் கொள்வது பொருத்தம்.

இப்பொருள் மலைக்குப் புதிதாக வந்தேறியவர்க்குப் பொருந்துமா என்னும் ஐயம் நியாயமானதே. ஆனால் முதுகுடி என்பது பழம்பெருமை வாய்ந்த குடும்பத்தையும், மூதூர் என்பது பழைய நகரையும் குறிப்பதும், மதுரையே மூதூர் என இலக்கியத்தில் போற்றப்பட்டதும் நோக்க, பெயரின் பழமை மலையைச் சார்ந்ததாக அன்றி, அவர்கள் விட்டுவந்த நகரத்துக் குடிமரபைச் சார்ந்ததாகவும் இருக்கக்கூடும். பெயர்க்காரணமாக முதுகுக் கதை நிற்காது போயினும், இடம்பெயர்ந்த துயரத்தைத் தலைமுறைதோறும் காத்துவந்த நினைவு என்னும் முறையில் அது மதிக்கத்தக்கதே. முதுவர் தம் குடியிருப்பை இன்றும் 'குடி' என்றே வழங்குகின்றனர். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலைக்குடியின் பெயரிலும், வீட்டையும் அதில் வாழ்வோரையும் ஒருங்கே குறிக்கும் அந்தப் பழந்தமிழ்ச் சொல் வழங்குகிறது.