ஒலிவாங்கிவழிப் பாடுதல்

ஒலிவாங்கிவழிப் பாடுதல் என்பது குரலை ஒலிவாங்கி (மைக்), ஒலிப்பதிவுக் கருவிகள், ஒலிபெருக்கி ஆகியவற்றின் துணையோடு வெளிப்படுத்தும் பாடல்முறை ஆகும். பாப், ராக், ஜாஸ் ஆகிய மேற்கத்திய இசைவகைகளும் இந்தியத் திரைப்பாடல்களும் பெரும்பாலும் இம்முறையிலேயே பாடப்படுகின்றன. தற்கால மெல்லிசைப் பாடகரின் பயிற்சியில் சுருதி, தாளம், மூச்சு ஆகியவற்றோடு, தன் குரலைப் பதிந்து கேட்பதும் ஒலிவாங்கியைக் கையாள்வதும் அடங்கும்.

வரலாறு

ஒலிவாங்கி வருவதற்கு முன் பெரிய அரங்கில் பாடுபவர் தன் குரலின் வலிமையை மட்டுமே நம்பியிருந்தார். ஓப்பெரா பாடகர்கள் சுமார் 3000 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்களில் குரலின் ஆற்றலைக் குவித்துப் பாடுகின்றனர். இசைக்குழுவின் ஒலி அப்பகுதியில் வலுக்குறைந்து இருப்பதால் குரல் தனித்துக் கேட்கிறது. தமிழ் நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோர் உச்சசுருதியில் பாடியதற்கும் இதையொத்த தேவை இருந்தது; கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டு எட்ட வேண்டும்.

1877 இல் எடிசன் ஒலிவரைவியை உருவாக்கினார். எனினும் 1925 வரை பாடகர்கள் ஒரு கூம்புக் குழாயை நோக்கி உரக்கப் பாடியே இசைத்தட்டுகள் பதிவாயின. 1925 இல் மின்முறை ஒலிப்பதிவு வணிகப் பயன்பாட்டுக்கு வந்தபின் மென்மையான குரலும் பதிவுக்கு ஏற்றதாயிற்று. பிங் கிராஸ்பி போன்றோர் காதருகே பேசுவது போலப் பாடும் பாணியைப் பரப்பினர். இப்பாணி எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. 1932 இல் பாஸ்டன் நகரின் கர்தினால் ஓ'கானல் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். கிராஸ்பி 1947 இல் தன் வானொலி நிகழ்ச்சியைக் காந்த நாடாவில் பதிந்து ஒலிபரப்பினார். 1951 இல் லெஸ் பால், மேரி ஃபோர்டு இணையர் ஒரே குரலைப் பல அடுக்குகளாகப் பதிந்த பாடலால் பெரும் வெற்றி பெற்றனர்.

தமிழ்த் திரையில் ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் மென்குரல்கள் ஒலிவாங்கியின்றி இத்தனை புகழ் பெற்றிருக்க இயலாது எனலாம். அக்காலத்தில் பாடகரும் இசைக்குழுவும் ஒரே நேரத்தில் பதிவுசெய்வதே வழக்கம். ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும் என்பதால் ஒத்திகைக்கு முதன்மை இருந்தது. பல்தடப் பதிவு பரவிய பின் பாடகர் தனியே வந்து பாடிச் செல்லும் முறை நிலைபெற்றது.

தன் குரலைக் கேட்டல்

பதிவில் முதன்முறை தன் குரலைக் கேட்கும் பெரும்பாலானோர் அது தம்முடையதே அன்று என்று எண்ணுவர். இதற்கு உடலியல் காரணம் உண்டு. நாம் பாடும்போது ஒலி காற்றின் வழியாகக் காதை அடைகிறது. கூடவே மண்டையோட்டு எலும்புகளின் வழியாகவும் உட்செவியை அடைகிறது. எலும்புவழி வரும் ஒலியில் தாழ் அதிர்வெண்கள் வலுவாக இருப்பதால், நம் குரல் நமக்குக் கனமாகவும் நிறைவாகவும் கேட்கிறது. ஒலிவாங்கிக்குக் காற்றுவழி ஒலி மட்டுமே கிடைக்கும். ஆகவே பதிவில் குரல் மெலிந்து கேட்கும். கேட்பவர்கள் எப்போதும் அறிந்திருப்பது இந்தக் குரலைத்தான்.

இதை அறியாத மாணவர் சிலர் தமக்குக் குரல்வளம் இல்லை என முடிவு செய்து பாடுவதையே நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் குரலைக் கனமாக்க எண்ணித் தொண்டையை இறுக்கிப் பாடுகின்றனர். இது இன்னும் கேடானது. சில வாரங்கள் தொடர்ந்து பதிந்து கேட்டால் இந்த அந்நியத்தன்மை பெரும்பாலும் நீங்கிவிடும். அதன் பின்னரே பதிவு ஓர் ஆசிரியரைப் போலப் பயன்படத் தொடங்குகிறது.

பயிற்சிக்குக் கைப்பேசியின் பதிவுக்கருவியே போதும். ஒரு பல்லவியை மட்டும் எடுத்துக்கொண்டு, தம்புரா ஒலியோடு மூன்று முறை பதியலாம். உடனே கேட்பதைவிட மறுநாள் கேட்பது நல்லது. பாடிய நினைவு மங்கியிருக்கும் போதுதான் காது நேர்மையாக இருக்கிறது. பாடல்வரிகளை எழுதிவைத்து மூச்சு எடுத்த இடம், சுருதி தாழ்ந்த இடம், சொல் தெளிவற்ற இடம் ஆகியவற்றைக் குறித்து, அடுத்த பதிவில் ஒரே ஒரு குறையை மட்டும் திருத்த முயல வேண்டும். நீண்ட சுரத்தின் இறுதியில் மூச்சுக் குறைந்து சுருதி இறங்குவது தொடக்கநிலையினரிடம் அடிக்கடி காணப்படும் குறையாகும்.

ஒலிவாங்கியும் தொலைவும்

திறந்த வெளியில் ஒலிமூலத்திலிருந்து தொலைவு இருமடங்கானால் ஒலியளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 5 செ.மீ. இலிருந்து 10 செ.மீ. இற்கு விலகினால் இந்த முழு வேறுபாடும் கிடைக்கிறது. 50 செ.மீ. இலிருந்து 55 செ.மீ. இற்கு விலகினால் ஒரு டெசிபல் கூடக் குறையாது. ஒலிவாங்கியை உதட்டருகே வைத்துப் பாடுபவரின் சிறு தலையசைவும் பதிவில் பெரிதாகத் தெரிவது இதனாலேயே. தேர்ந்த பாடகர் உச்சத்தில் பாடும்போது ஒலிவாங்கியைச் சற்று விலக்கி, மெல்லிய வரியில் நெருக்குவார்.

ஒருதிசை ஒலிவாங்கிகளில் அண்மை விளைவு என்றொரு பண்பும் உண்டு. வாய் சில செ.மீ. அளவுக்கு நெருங்கும்போது தாழ் அதிர்வெண்கள் மிகைப்படும். தாலாட்டுக்கும் காதல் பாடலுக்கும் இது பொருந்தும்; விரைவான பாடலில் சொற்கள் மங்கிவிடும். 'ப' போன்ற வல்லின ஒலிகளில் காற்று வெடித்து ஒலிவாங்கியை மோதுவதைத் தடுக்க முன்னால் வலைத்திரை வைப்பர். ஒலிவாங்கியைச் சற்றுச் சாய்த்து வைத்தாலும் பயன் உண்டு. பதிவின் அளவை உச்ச வரியில் சோதித்து அமைக்க வேண்டும். எண்ணிமப் பதிவில் எல்லையைத் தாண்டிச் சிதைந்த ஒலியை முழுமையாகச் சீர்செய்வது கடினம்.

கணினியில் பதியும்போது ஒலி உள்ளே சென்று ஹெட்போனுக்குத் திரும்பச் சிறிது நேரம் ஆகும். இத்தாமதம் சுமார் 10 மில்லிநொடியைத் தாண்டினால் பலருக்கு இடையூறாகும். கணினி வழியாக அன்றி ஒலிக்கருவியிலிருந்தே நேராகக் கேட்பது இதற்குத் தீர்வு. ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கித் தன் குரலை நேரடியாகக் கேட்டுச் சுருதியைக் காப்பது பாடகர்களிடையே பரவலான வழக்கம்.

மென்பொருள் திருத்தம்

1997 இல் வெளிவந்த ஆட்டோ-டியூன் மென்பொருள் சுருதிப் பிழைகளைத் திருத்துகிறது. 1998 இல் வெளிவந்த செர் என்பவரின் பாடலில் இது வெளிப்படையான ஒலிவிளைவாகவே பயன்பட்டது. பல பதிவுகளின் நல்ல பகுதிகளை ஒட்டி ஒரே பாடலாக்குவதும் கூடங்களில் இயல்பு. வெளியீட்டுக்கு இவை ஏற்றவை. பயிற்சியில் இவற்றைச் சேர்த்தால் எங்கே பிழைத்தது என்பது மறைந்துவிடும் என்பதால், மாணவர் முழுப்பாடலையும் நிறுத்தாமல் பாடிப் பதிவதே பொருத்தம்.

மேடை

கூடத்தில் நன்றாகப் பாடுபவர் மேடையில் திணறுவதற்கு முதற்காரணம் தன் குரல் தனக்குக் கேட்காமையே ஆகும். சுற்றிலும் இரைச்சல் மிகும்போது மனிதர் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவர். லொம்பார்டு விளைவு எனப்படும் இதனை 1911 இல் பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார்டு விவரித்தார். இதைத் தவிர்க்கவே பாடகரை நோக்கிய கண்காணிப்பு ஒலிபெருக்கி வைக்கப்படுகிறது. நிகழ்ச்சிக்கு முன் ஒலிச்சோதனையில் அதன் அளவைக் கேட்டுப்பெறப் பாடகர் தயங்கக் கூடாது.

1966 இல் அறிமுகமான ஷூர் எஸ்எம்58 போன்ற மேடை ஒலிவாங்கிகள் முன்னிருந்து வரும் ஒலியை அதிகமாகவும் பின்னிருந்து வருவதைக் குறைவாகவும் ஏற்கின்றன. வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இத்திசைப்பண்பு கெட்டு ஊளையொலி எழ வாய்ப்பு மிகும். தொலைக்காட்சியில் காண அழகாக இருப்பதால் பலரும் அவ்வாறே பிடிக்கின்றனர்.

கண்காணிப்பு ஒலிபெருக்கி சரியாக அமையாத மேடைகளில் தொடர்ந்து கத்திப் பாடினால் குரல்நாண்களில் வீக்கமோ கணுக்களோ தோன்றலாம். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேலும் குரல் கம்மல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண வேண்டும்.