ஏற்றமரமும் டிரெட்மில்லும்: தண்டனையில் தொடங்கிய ஒரு நடையின் கதை

போன மாதம் அப்பாவை டிஎம்டி டெஸ்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அம்பத்தூரில் நாங்கள் இருக்கும் பக்கம் ஐம்பது தாண்டியவர்களில் பாதிப் பேர் அந்த டெஸ்டைப் பார்த்தவர்கள்தான். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, பெல்ட்டில் ஏற்றி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டுவார்கள். அப்பா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஐயா, கம்பிய அவ்வளவு அழுத்திப் பிடிக்காதீங்க, லேசா தொட்டுக்கிட்டா போதும்" என்று டெக்னீஷியன் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏன் பிடிக்கக்கூடாது? அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்ததில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

கதை ஒரு சிறையில் தொடங்குகிறது. 1818 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர்ச் சிறையில் கைதிகள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவர்களுக்காக ஒரு பெரிய மரச் சக்கரத்தை வடிவமைத்தார். அதன் வெளிப்பக்கம் முழுக்கப் படிகள். கைதி ஒரு படியில் கால் வைத்தால் அது கீழே இறங்கும், உடனே அடுத்த படிக்கு ஏற வேண்டும். மேலே குறுக்காக ஒரு கம்பி, பிடித்துக்கொள்ள. ஏறிக்கொண்டே இருப்பார், ஆனால் எங்கேயும் போய்ச் சேர மாட்டார். சில சிறைகளில் அந்தச் சக்கரம் மாவு அரைத்தது. மிதிப்பது 'ட்ரெட்', அரைப்பது 'மில்', பெயர் வந்தது அப்படித்தான். பல இடங்களில் அது எதையும் அரைக்கவில்லை, சும்மா சுற்றியது. 1821-ல் லண்டனின் பிரிக்ஸ்டன் சிறைக்கு வந்த பிறகு இது பரவலானது. 1895-ல் தண்டனை பெற்ற எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டும் பென்டன்வில் சிறையில் இதை மிதித்தவர்தான். 1898-ல் வந்த சிறைச் சட்டத்துக்குப் பிறகுதான் இங்கிலாந்தில் இது ஒழிந்தது.

இடையில் ஒரு மருத்துவர் வருகிறார். எட்வர்ட் ஸ்மித். 1850-களில் லண்டன் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறைச் சக்கரத்தில் தானே ஏறி, மூச்சையும் நாடியையும் அளந்து பார்த்தார். எல்லோருக்கும் ஒரே சக்கரம், ஒரே நேரம் என்றாலும் தண்டனை ஒன்றல்ல என்று அவர் சொன்னார். எடை கூடியவர் ஒவ்வொரு படியிலும் கூடுதல் சுமையைத் தூக்குகிறார், நோஞ்சானுக்கு வலுவே இல்லை. இன்றைக்கு ஜிம்மில் பக்கத்து மெஷின்காரர் வைத்திருக்கும் வேகத்தைப் பார்த்து நாமும் அதே நம்பரைப் போடுகிறோமே, அவர்கள் ஒருமுறை ஸ்மித்தை நினைத்துக்கொள்ளலாம்.

தண்டனைக் கருவி மருத்துவக் கருவியானது அமெரிக்காவில். 1950-களுக்கு முன்பு இதயத்தைச் சோதிக்க, சின்னப் படிகளில் ஏறி இறங்கச் சொல்வதுதான் வழக்கம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர் ராபர்ட் புரூஸும் பொறியாளர் வெய்ன் குவின்டனும் சேர்ந்து, ஓடும் பெல்ட்டின் மேல் நோயாளியை நடக்கவிட்டுக்கொண்டே ஈசிஜி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1963-ல் வந்த 'புரூஸ் முறை' இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீதச் சரிவு. அடுத்து 4 கி.மீ., 12 சதவீதம். அதற்கடுத்து சுமார் 5.5 கி.மீ., 14 சதவீதம். அப்பா ஏறியதும் இதே படிக்கட்டில்தான்.

டெக்னீஷியன் சொன்னதன் காரணம் இங்கே இருக்கிறது. எவ்வளவு நேரம் தாங்கினோம் என்பதை வைத்துத்தான் உடலின் திறனைக் கணக்கிடுகிறார்கள். கம்பியில் எடையைச் சாய்த்தால் கால் செய்ய வேண்டிய வேலையைக் கை வாங்கிக்கொள்ளும். இதயத்துக்குச் சுமை குறையும், ரிசல்ட் மட்டும் நன்றாக வரும். வீட்டு மெஷினிலும் இதே கதை. கம்பியில் தொங்கிக்கொண்டு நடந்தால், திரை காட்டும் கலோரி வெறும் பொய்க்கணக்கு. நிமிர்ந்து நடக்க முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள், அவ்வளவுதான்.

1968-ல் கென்னத் கூப்பரின் 'ஏரோபிக்ஸ்' புத்தகம் வந்தது. அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர் 'பேஸ்மாஸ்டர் 600' என்று வீட்டுக்கான மெஷினைச் செய்தார். அவர் 96 வயது வரை வாழ்ந்து 2012-ல் இறந்தார்.

ஆனால் வீட்டுக்குள் வந்த பிறகுதான் புது ஆபத்தும் வந்தது. 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் 'ட்ரெட் ப்ளஸ்' மாடலைத் திரும்பப் பெற்றது. பின்பக்கம் பெல்ட்டுக்கு அடியில் இழுக்கப்பட்டு ஒரு குழந்தை இறந்திருந்தது, பலருக்குக் காயம். நம்ம ஃப்ளாட்டுகளில் மெஷினை எங்கே வைக்கிறோம்? ஹால் மூலையில், பின்னாடி சுவர் ஒட்டி. தடுமாறினால் பெல்ட் நம்மைப் பின்னால் தள்ளும். பின்னால் சுவர் இருந்தால் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்வோம். பின்பக்கம் 2 மீட்டராவது காலியாக விடுங்கள். பெல்ட் ஓடும்போது குழந்தை அந்த அறையிலேயே வேண்டாம். வேலை முடிந்ததும் சாவியை உருவி உயரத்தில் வையுங்கள்.

அந்தச் சிவப்புச் சாவிக் கயிறு அலங்காரத்துக்கு இல்லீங்க. சட்டையில் மாட்டிக்கொண்டால், விழும்போது சாவி பிடுங்கிக்கொண்டு பெல்ட் நின்றுவிடும். ஓரப் பலகைகளில் கால் வைத்து நின்று ஸ்டார்ட் செய்து, மெதுவாக ஓட ஆரம்பித்த பிறகு பெல்ட்டில் இறங்குங்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும் வீடுகளில் இதை மறக்கவே கூடாது. முடிக்கும்போதும் சட்டென்று இறங்காமல் 5 நிமிடம் வேகத்தைக் குறைத்து நடங்கள். கால் தசைகள் திடீரென நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலை சுற்றும். சர்க்கரை இருப்பவர்கள் வெறுங்காலோடு ஏறாதீர்கள். நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அன்றைக்கு அத்தோடு சரி, அடுத்து டாக்டர்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பூந்தமல்லிப் பக்கத்துக்காரர், சிறு வயதில் ஏற்றம் இறைத்த குடும்பம். நீளமான ஏற்றமரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் உள்ளே இறங்கும், பின்னால் நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். இத்தனை சால் ஆயிற்று என்று எண்ணிக்கை தப்பாமல் இருக்கப் பாட்டு. யோசித்தால் அதுவும் அதே இடத்தில் நடக்கும் நடைதான். ஒரு வித்தியாசம், முடிவில் வயலுக்குத் தண்ணீர் போயிருக்கும்.

"அதுல விழுந்தா கிணறுடா" என்றார் அப்பா. "நேரா பார்த்து நடக்கணும், கால பார்க்கக்கூடாது. மூச்சு வாங்கினா பாட்டு நிக்கும், பாட்டு நின்னா கீழ இருக்கிறவன் ஆள மாத்திடுவான்."

இன்றைய உடற்பயிற்சி ஆலோசகர்கள் சொல்லும் 'பேச்சுச் சோதனை'யும் இதுதான். நடந்துகொண்டே பேச முடிந்தால் மிதமான வேகம். வாக்கியம் நடுவில் அறுந்தால் வேகம் அதிகம்.

ரிசல்ட் பயப்படும்படி இல்லை. "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார் டாக்டர். மெஷின் வாங்கலாமா என்று கேட்டேன். ஆவடியில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டு ஏரிக்கரை இருக்கிறதே என்றார் அப்பா. மழைக்காலத்துக்கு மட்டும் மெஷினைப் பற்றி யோசிக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். வாங்கினால், சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி.