கட்டை பத்து, பல்பு பத்து

பவுலிங் ஆடப் போயிருந்தா கவனிச்சிருப்பீங்க மக்களே. பந்தை உருட்டி முடிச்சதும் அந்தக் கோடியில ஒரு தகடு தடால்னு இறங்கும். மேல இருந்து மேஜை மாதிரி ஒண்ணு வந்து, நிக்கிற கட்டைகளை மட்டும் தூக்கிக்கும். விழுந்ததையெல்லாம் தகடு வாரித் தள்ளும். அப்புறம் தூக்கினதை அதே இடத்துல திரும்ப வைக்கும். பழைய கூடங்கள்ல இதுக்கு மேல ஒரு பலகை இருக்கும், அதுல முக்கோணமா பத்து சின்ன பல்பு. எந்தக் கட்டை நிக்குதோ அதோட பல்பு எரியும். இன்னிக்கு பதிவு அந்த பல்பைப் பத்தித்தான்.

முதல்ல ஒரு சொல் பிரச்சினையை முடிச்சுடறேன். ஆங்கிலத்துல இதுக்குப் பேரு 'பின்'. அப்படியே தமிழ்ல எழுதினா "பின்னுக்குப் பின்னால் ஒரு பின்" அப்படின்னு வந்து நிக்கும், படிக்கிறவங்க ஜன்னலை மூடிட்டு ஆணி புடுங்கப் போயிடுவாங்க :-) மேப்பிள் மரத்துல செஞ்ச சாமான்தானே, கட்டைன்னே வச்சுக்குவோம்.

பல்பு எதுக்கு? ஆடுறவர் நிக்கிற கோட்டுல இருந்து முதல் கட்டைக்கு 60 அடி. கட்டையோட உயரம் 15 அங்குலம். அந்தத் தூரத்துல 2-ஆம் கட்டைக்கு நேர் பின்னால 8-ஆம் கட்டை நின்னா கண்ணுக்குத் தெரியறது கஷ்டம். 3-க்குப் பின்னால 9, 1-க்குப் பின்னால 5, இதே கதைதான். ஒத்தைக் கட்டைதானேன்னு ஓரமா தட்டினா முன்னாடி இருக்கறது விழுந்துடும், ஒளிஞ்சிருந்தது நின்னு சிரிக்கும். 8-ஆம் பல்பு எரியலைன்னா ஆடுறவர் தப்பான இடத்துக்குக் குறி வைக்கிறார்னு அர்த்தம். பரிசுப் பணம் வச்சு ஆடுற லீக்ல இது சின்ன விஷயம் இல்லை.

பல்புக்கு முன்னாடி அங்க பையன்கள் இருந்தாங்க. பந்து வந்து விழுற குழிக்கு மேல ஒரு திண்டுல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். பந்து வந்ததும் குதிச்சு இறங்கி, விழுந்ததை எடுத்து, பந்தைத் திருப்பி அனுப்பி, கட்டையை அடுக்கிட்டு மறுபடி மேல ஏறணும். கட்டை ஒண்ணு ஒன்றரை கிலோவுக்கு மேல. பந்து 16 பவுண்டு வரைக்கும் போகும், அதாவது 7 கிலோவைத் தாண்டும். ஏற லேட்டானா கால் முட்டி காலி.

லூயிஸ் ஹைன் அப்படின்னு ஒரு புகைப்படக்காரர். அமெரிக்காவுல குழந்தைத் தொழிலாளர்களைப் படம் எடுத்து ஊரைக் கலக்கினவர். 1910 ஏப்ரல்ல நியூயார்க், ப்ரூக்ளின்ல ஒரு பவுலிங் கூடத்துல இந்தப் பையன்களை எடுத்திருக்கார். நேரம் ராத்திரி 1 மணி. இன்னும் சின்னப் பசங்க மூணு பேரை முதலாளி படத்துல வரவிடாம ஒதுக்கிட்டாருன்னு குறிப்புல எழுதி வச்சிருக்கார். படத்துல இருக்கிறவங்களே பொடிசுங்கதான். அப்போ அந்த மூணு பேருக்கு என்ன வயசு இருந்திருக்கும்?

இந்த வேலையை மெஷின்கிட்ட கொடுக்க நெனைச்சவர் நியூயார்க் மாநிலம் பெர்ல் ரிவர் ஊர்க்காரர் காட்ஃப்ரீட் ஷ்மிட். 1930கள்ல முயற்சியை ஆரம்பிச்சார். சிகரெட் செய்யற மெஷின் விக்கிற ஏ.எம்.எஃப் கம்பெனி அதை வாங்கிப் போட்டுது. நடுவுல உலகப் போர். 1946-ல பஃபலோ நகரப் போட்டியில காட்சிக்கு வச்சாங்க. வியாபாரத்துக்கு வந்தது 1952 வாக்குல. 1956-ல போட்டிக் கம்பெனி ப்ரன்ஸ்விக் தன்னோட மெஷினை இறக்கிச்சு. அதுக்கப்புறம் பையன்கள் காலம் மளமளன்னு முடிஞ்சது.

ஆனா அந்தப் பையன் செஞ்சது ரெண்டு வேலைன்னு நான் சொல்லுவேன். அடுக்குறது ஒண்ணு. எது நிக்குதுன்னு பார்க்குறது இன்னொண்ணு. சந்தேகம்னா அவனைக் கேட்டிருக்கலாம். மெஷினுக்கும் இந்தப் பார்வை வேணும், ஏன்னா பத்தும் விழுந்துட்டா அது செய்யவேண்டிய வேலையே வேற. அதனால ஏ.எம்.எஃப் மெஷின்ல மேஜையில ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கூடு, கூட்டுக்கு ஒரு சுவிட்ச். மேஜை இறங்கும்போது நிக்கிற கட்டையோட தலை கூட்டுக்குள்ள போகும், சுவிட்ச் அமுங்கும், பலகையில பல்பு எரியும். ஒரு சுவிட்சும் அமுங்கலைன்னா ஸ்ட்ரைக்.

கேட்க சுளுவா இருக்குல்ல? கோளாறு வந்தாத்தான் தெரியும். ஆன்சைட்ல இருந்தப்போ ஒரு பழைய கூடத்து மெக்கானிக் பெரியவர், டீமோட போயிருந்த என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். ஒரே சத்தம், எண்ணெய் வாடை. ரெண்டாவது நிமிஷமே எனக்குப் புரிஞ்சது, மனுஷன் செய்யறது நாம ஆபீஸ்ல பக் பிடிக்கிற அதே வேலைதான்.

ஒரே ஒரு பல்பு எரியலையா? பக்கத்து பல்பைக் கழட்டி இதுல போடு. இப்போ எரிஞ்சா பழைய பல்பு செத்துப்போச்சு. எரியலைன்னா ஹோல்டர், ஒயர், சுவிட்ச் மூணுல ஒண்ணு. சுவிட்சோட ரெண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால இணைச்சுப் பாரு. எரிஞ்சா சுவிட்ச்தான் திருடன். அப்பவும் எரியலைன்னா ஒயரைத் தேடு. பத்தும் மொத்தமா அணைஞ்சிருந்தா பல்பைத் தொடவே தொடாதே, ஃப்யூஸும் பொது ஒயரும்தான் பார்க்கணும். ஒரே நேரத்துல பத்து பல்பு சாகாது இல்லையா. கட்டை இல்லாத இடத்துல பல்பு எரிஞ்சா சுவிட்ச் ஒட்டிக்கிச்சு, இல்லை ஒயர் உரசுது. இதுதான் மோசம். ஸ்ட்ரைக் அடிச்சாலும் ஒரு கட்டை நிக்குதுன்னு மெஷின் நம்பிடும்.

ரொம்பப் படுத்தறது விட்டு விட்டு எரியற கேஸ். மேஜை ஒவ்வொரு பந்துக்கும் ஏறி இறங்குது. கூடவே ஒயரும் மடங்கி மடங்கி நிமிருது. வெளித் தோல் நல்லா இருக்கும், உள்ள செம்பு அறுந்திருக்கும். மேஜை மேல இருக்கும்போது மீட்டர் வச்சா எல்லாம் சரின்னு சொல்லும், இறங்கினா அறுந்துடும். நம்ம "என் கம்ப்யூட்டர்ல ஓடுதே" கதை :-)

எனக்கு ரொம்பப் பிடிச்சது, பக்கத்து லேன் மெஷினும் இதே மாதிரிதான் அப்படிங்கறதை அவர் பயன்படுத்தின விதம். 1960கள்ல வந்த 82-70 மாடலோட கட்டுப்பாட்டுப் பெட்டி முழுக்க ரிலே. சந்தேகம்னா பெட்டியைக் கழட்டி அடுத்த மெஷின்ல மாட்டறார். கோளாறு பெட்டியோட போச்சுன்னா பெட்டிக்குள்ள தேடணும், இங்கயே நின்னா மெஷின்ல. ஆனா கையை உள்ள விடறதுக்கு முன்னாடி கரண்டை அணைச்சு, பிளக்கையும் பிடுங்கிப் போட்டார். இந்த மெஷின்ல மாட்டி மெக்கானிக்குகள் செத்திருக்காங்க. பையன் போய் பெரியவர் வந்தாரே தவிர, குழிக்குப் பக்கத்துல ஆள் இன்னும் இருக்கார்.

பின்னால தானா ஸ்கோர் போடற கம்ப்யூட்டர்கள் வந்தப்போ பல்பு கோளாறு ஸ்கோர் கோளாறா மாறிச்சு. சில அமைப்புகள் மெஷினோட சுவிட்சை நம்பின, சிலது கேமராவை. கேமராவுக்கு கட்டை மேல விழற வெளிச்சம் போதணும். டியூப்லைட் மங்கிட்டா நிக்கிற கட்டையை விழுந்துதுன்னு எண்ணிடும். அங்கயும் முதல்ல பார்க்க வேண்டியது விளக்கைத்தான்.

இப்போ கட்டை தலையில கயிறு கட்டின மெஷின்கள் பரவிட்டு வருது. கயிறு எவ்வளவு இழுபட்டுதுன்னு வச்சு விழுந்ததான்னு கண்டுபிடிக்கும். அமெரிக்க பவுலிங் சங்கம் 2023-ல இதை ஏத்துக்கிச்சு, ஆனா தனி ஆட்ட வகையா. கயிறு கட்டினா கட்டை விழற விதமே மாறிடுதுன்னு பழைய ஆட்டக்காரங்க கொதிக்கிறாங்க. பெரியவர்கிட்ட இதைக் கேட்டேன். "அதுல கயிறு சிக்கும், போய்ப் பிரிச்சு விடணும்"னார், கையில இருந்த பல்பைத் துணியால துடைச்சுக்கிட்டே.